மீன் வண்டிக்கு எஃப்.சி.: எங்கே காட்டுவது, எதைப் பார்ப்பார்கள்?

கேள்வி: ஐயா, நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். என் கணவர் காசிமேட்டில் மீன் ஏற்றி ரெட்டேரி, மாதவரம் பக்கம் கடைகளுக்குப் போடுகிறார். வண்டி 2015-ல் பதிவான குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி), டீசல். இரண்டு வருடத்துக்கு முன் திருவள்ளூரில் ஒருவரிடம் வாங்கினோம். ஆர்.சி. கணவர் பெயருக்கும் எங்கள் முகவரிக்கும் மாறிவிட்டது, நம்பர் மட்டும் டி.என். 20 என்றே இருக்கிறது. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடிகிறது. புரோக்கர் ஒருவர், "திருவள்ளூருக்குத்தான் போகணும், பர்மிட்டும் எடுக்கணும், வண்டியைக் காட்டவே வேணாம், மொத்தமா ஒரு தொகை கொடுங்க" என்கிறார். என் தம்பியோ இப்போதெல்லாம் மெஷினில்தான் டெஸ்ட், பழைய வண்டி தேறாது என்கிறான். பெட்ரோல் பங்கில் புகை சர்டிபிகேட் எடுத்து வைத்திருக்கிறோம், அது போதாதா? மாமனாரின் ஸ்கூட்டருக்கும் 15 வருடம் முடியப்போகிறது. அதைப் பிடித்து நசுக்கிவிடுவார்களாமே? வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

அன்புள்ள சகோதரி,

ஒரு மாதம் கையில் இருக்கும்போதே எழுதினீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. கடைசி மூன்று நாளில் ஓடி வருகிறவர்கள்தான் புரோக்கர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜனங்கள் எங்களை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் ஏன் பொருத்தம் என்பது போகப் போக உங்களுக்கே புரியும்.

முதலில் எங்கே போவது. நம்பர் பிளேட்டில் டி.என். 20 என்று இருப்பது வண்டி முதன்முதலில் பதிவான ஊரைத்தான் சொல்கிறது. வண்டியின் கணக்கு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை ஆர்.சி.யில் உள்ள பதிவு அதிகாரியின் பெயரையும் முகவரியையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வண்டி கை மாறினால், வாங்கியவர் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.விடம் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஆர்.சி. அப்படி மாறியிருந்தால் திருவள்ளூருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வட சென்னையை எடுத்துக்கொண்டால் தண்டையார்பேட்டையில் டி.என். 03 இருக்கிறது, டி.என். 04-ம் 05-ம் இருக்கின்றன, நகரத்தைத் தாண்டினால் செங்குன்றத்தில் டி.என். 18 இருக்கிறது. உங்கள் தெரு இதில் எதற்குள் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு அலைய வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரையும் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பரின் கடைசி 5 இலக்கங்களையும் போட்டால், வண்டி எந்த அலுவலகத்தின் கணக்கில் இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். கட்டணமும் அங்கேயேதான். வண்டியின் வகைக்கும் வயதுக்கும் தக்கபடி தொகை மாறும், சமீப ஆண்டுகளில் கூடியும் இருக்கிறது. திரையில் வரும் தொகையைக் கட்டி, ரசீதை எடுத்துக்கொண்டு, வண்டி காட்ட நாள் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் அந்த முன்பதிவுச் சீட்டில் பாருங்கள். ஆபீஸ் கவுண்டர் ஓரிடம், வண்டி காட்டும் மைதானம் வேறிடம் என்று இருப்பது உண்டு.

இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அடிக்கடி வருவது. ஆர்.சி. பேர் மாறியிருக்கும், ஆனால் பதிவில் இருக்கும் செல்போன் நம்பர் முந்தைய ஓனருடையதாகவோ, பேர் மாற்றிக் கொடுத்த புரோக்கருடையதாகவோ இருக்கும். நீங்கள் ஆன்லைனில் என்ன செய்தாலும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கடைசியில் அவரைத் தேடிப் போய் நிற்க வேண்டும். அதனால் இன்றைக்கே உங்கள் கணவரின் நம்பர்தான் பதிவில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

பர்மிட் விஷயத்தில் உங்களிடம் பேசிய புரோக்கர் சொன்னது தவறு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவே சொல்கிறது. குட்டி யானையின் மொத்த எடை அதில் ஏறக்குறைய பாதிதான். ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை வைத்தே அவர் கேட்ட மொத்தத் தொகையில் மீதி எப்படி வந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

புகை சர்டிபிகேட் வேறு, எஃப்.சி. வேறு. பங்கில் எடுப்பது வண்டி விடும் புகை வரம்புக்குள் இருக்கிறதா என்பதற்கு மட்டும். எஃப்.சி. எடுக்க அதுவும் வேண்டும், அதோடு இன்சூரன்ஸ், சாலை வரி, 7 வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் பசுமை வரி, ஃபாஸ்டேக் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நிலுவையில் சலான் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சென்னை நகரத்தில் 2010 ஏப்ரலிலேயே பி.எஸ்.4 என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்கு முழுமையாக வந்தது 2017 ஏப்ரலில்தான். 2015-ல் திருவள்ளூரில் பதிவான வண்டி பி.எஸ்.3-ஆக இருக்கவும் கூடும். அப்படியிருந்தால் புகை சர்டிபிகேட் 6 மாதத்துக்குத்தான் செல்லும். பி.எஸ்.4 என்றால் ஒரு வருடம். புகையின் அடர்த்தி வரம்பும் வேறு: பி.எஸ்.4 டீசலுக்கு 50 யூனிட், அதற்கு முந்தையதற்கு 65. உங்கள் சர்டிபிகேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறார்கள், தேதி இன்னும் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். எஃப்.சி. அன்று காலையில் புகை சர்டிபிகேட் காலாவதி என்று தெரிந்து, பங்குக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்றால், புது சரக்கு வண்டிக்கு முதல் எஃப்.சி. 2 வருடம். 8 வயது வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். உங்களுடையது வருடா வருடம் காட்ட வேண்டிய வண்டி. எஃப்.சி. இல்லாமல் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அந்த வண்டிக்குப் பதிவே இல்லை என்று அர்த்தம். முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 192-வது பிரிவு சொல்கிறது. அபராதத்தை விட எனக்குப் பயம் வேறு. எஃப்.சி. இல்லாத நாளில் யார் மேலாவது மோதிவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. ஒரு மீன் வண்டிக் குடும்பம் அந்தத் தொகைக்கு எங்கே போகும்?

தம்பி சொன்ன மெஷின் விஷயம் உண்மைதான். தானியங்கி சோதனை நிலையங்களுக்கான விதியை மத்திய அரசு 2021 செப்டம்பரில் கொண்டுவந்தது. கட்டாயமாக்கும் தேதி பல தடவை தள்ளிப் போனது. உங்கள் அலுவலகத்தின் எல்லைக்கு அப்படி ஒரு நிலையம் பதிவாகி இயங்கினால் முன்பதிவின்போதே அதன் பெயர் வரும். வராவிட்டால் வழக்கம்போல ஆய்வாளரிடம்தான் காட்ட வேண்டும். அந்த நிலையங்களை நடத்துகிறவர்கள் வண்டி விற்பதோ ரிப்பேர் செய்வதோ கூடாது என்பது விதி. பரிசோதிக்கிறவனே ரிப்பேர்க்காரனாகவும் இருந்தால் நியாயம் இருக்காதே. அங்கே யாராவது "நம்ம ஷெட்டுலயே சரி பண்ணித் தரேன்" என்று வந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பழைய வண்டி மெஷினில் தேறாது என்பது மட்டும் சரியில்லை. மெஷினுக்கு வண்டியின் வயது தெரியாது. உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றிச் சுழல விட்டு பிரேக் பிடிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலத்தோடு நிற்கிறது, இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அது எண்ணாகக் காட்டிவிடும். வண்டி நேராகப் போகிறதா, பக்கவாட்டில் இழுக்கிறதா என்பதற்கு ஒரு தட்டு. ஹெட்லைட் எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில் அடிக்கிறது என்பதற்கு ஒரு கருவி. ஸ்பீடோமீட்டருக்கு, புகைக்கு, ஹாரன் சத்தத்துக்குத் தனித்தனி. ஆய்வாளர் கண்ணாலும் காதாலும் காலாலும் பார்த்ததைத்தான் அது எண்ணில் சொல்கிறது. நன்றாகப் பராமரித்த 12 வருட வண்டி தேறும். கவனிக்காத 3 வருட வண்டி நிற்கும்.

இப்போது நான் உண்மையில் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டி மீன் வண்டி. நீங்கள் இருப்பதோ கடலோரம். காசிமேட்டிலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் காற்றிலேயே உப்பு. அது போதாதென்று பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து, மீன் தண்ணீரோடு சேர்ந்து, தொட்டியின் பலகை இடுக்கு வழியாக இரவெல்லாம் சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே கழுவுவார்கள், அடியில் யாரும் கழுவ மாட்டார்கள்.

ஒரு தடவை மீன் ஏற்றுகிற சின்ன சரக்கு வண்டி ஒன்று எஃப்.சி.க்கு வந்தது. புதுப் பெயிண்ட், புது ஸ்டிக்கர், சேசிஸுக்குப் பளபளவென்று கறுப்பு. டிரைவர் இருபத்தி ஐந்து வயதுப் பையன், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தான். நான் குனிந்து சேசிஸை சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு டங்கென்று சொல்லும். பின் சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் தப்பென்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பெயிண்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது துரு செதில் செதிலாக என் ஷூ மேல் கொட்டியது. அதை ஒட்டிப் போன பிரேக் பைப்பும் அரிசி தூவியது போலப் பொடிப் பொடியாகத் துருப்பிடித்து, ஓரிடத்தில் ஈரமாக இருந்தது. அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தான். "நேத்து ராத்திரி இதுலதான் சார் ஃபுல் லோடு அடிச்சேன்" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. வண்டியை நிராகரித்தேன். பெயிண்ட் அடித்துக் கொடுத்தவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று கட்டாயம் தெரிந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அதனால்தான் வண்டியைக் காட்டவே வேண்டாம் என்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் காகிதத்தை வாங்கித் தந்தாலும் வண்டியின் அடியில் இருப்பது அப்படியேதான் இருக்கும். 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னால் போகிற கன்டெய்னர் லாரி திடீரென்று நிற்கும்போது, உங்கள் கணவரின் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது சுண்டு விரலை விட மெல்லிய அந்த பைப்தான்.

எஃப்.சி.க்கு மூன்று வாரம் முன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிவிட்டு வந்ததும், வண்டியை அடியில் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, ஒரு டார்ச் லைட்டோடு இதைச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் மெக்கானிக் கூட இருந்தால் நல்லது. சேசிஸின் இரண்டு பக்கமும் தட்டிப் பார்க்க வேண்டும், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்களை முக்கியமாக. பிரேக் பைப்பை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். செதில் வந்தால் மாற்றிவிடுங்கள், பற்ற வைத்து ஒட்டுப்போட வேண்டாம். நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பின் டிரம்மின் அடியில் ஈரம் தெரிந்தால் வீல் சிலிண்டர் போய்விட்டது.

பிறகு பெடல். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக ஓர் அங்குலம் இறங்கினால், பிரேக்குக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. அப்படியே அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிகிறது. காலியான இடத்தில் 20, 30 வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் மெஷினிலும் அந்த வித்தியாசம் வரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து முதல் கியரில் மெதுவாக கிளட்சை விட்டால் இன்ஜின் அணைய வேண்டும். வண்டி நகர்ந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இரு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். முதலாவதில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது கிங் பின். இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் டை ராட் எண்ட்.

டயரில் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அளக்கக் கருவி வேண்டாம். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் முடிந்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள். எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் மொட்டை டயரைத் திரும்ப மாட்டுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அந்த வேலைக்குப் போக வேண்டாம். மழைக்காலத்தில் மணலி சாலையில் தண்ணீர் நிற்கும்போது மொட்டை டயருக்குப் பிடிப்பே கிடையாது.

மற்றதெல்லாம் சின்ன வேலை. எல்லா லைட்டும் எரிய வேண்டும், வைப்பர் துடைக்க வேண்டும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் என்று ஒளிரும் பட்டை கிழியாமல் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம் வண்டியில் இருக்கட்டும். பல ராகத்தில் ஊதுகிற ஹாரன் இருந்தால் கழற்றிவிடுங்கள். மீனுக்காகத் தொட்டி மேல் கூண்டு கட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கேட்டால் பயப்பட வேண்டாம். அதிகபட்ச வேகமே 80-ஐத் தாண்டாது என்று சான்று பெற்ற மாடலுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் மாடலுக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று கம்பெனி டீலரிடம் கேட்டு, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேறாவிட்டால்? சும்மா "போயிட்டு அப்புறம் வா" என்று அனுப்ப முடியாது. சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 56-வது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கிடம் அந்தத் தாளையே நீட்டலாம், என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். சரி செய்துகொண்டு மறுபடி காட்டுங்கள். மறுப்பே நியாயமில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய 57-வது பிரிவு வழி விட்டிருக்கிறது. நடுவில் வண்டியை லோடுக்கு எடுக்கக்கூடாது. அந்த நாலைந்து நாளுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளும்படி இப்போதே கடைக்காரர்களிடம் சொல்லி வைத்துவிட்டால் வியாபாரம் கெடாது.

மாமனாரின் ஸ்கூட்டரை யாரும் நசுக்க மாட்டார்கள். 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டி, 10 வருடம் ஆன டீசல் வண்டி ஓடக்கூடாது என்ற தடை டெல்லி வட்டாரத்துக்காக வந்தது. அந்தச் செய்திதான் இங்கே வாட்ஸப்பில் ஊர் பேர் இல்லாமல் சுற்றுகிறது. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்தே படிவம் 25-ல் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டினால் இன்னும் 5 வருடம் கிடைக்கும். பெரியவர் அதை ஓட்டுகிறாரா, வாசலில் நிறுத்தித்தான் வைத்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டுகிறார் என்றால் முதலில் அதன் பின் பிரேக் ஷூவையும் டயரையும் மாற்றுங்கள், பிறகு படிவத்துக்குப் போகலாம்.

குட்டி யானைக்கு இன்றிரவே ஒன்றைத் தொடங்கலாம். தொட்டியில் தடிமனான தார்ப்பாய் விரித்து, ஐஸ் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் இறங்கும்படி ஒரு குழாய் போட்டு, அதை சேசிஸில் படாமல் பின்னால் வெளியே விடுங்கள். லோடு இறக்கிய பிறகு தினமும் இரண்டு குடம் நல்ல தண்ணீரை அடியில் அடித்து ஊற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்த இடத்தில் துரு, எவ்வளவு அகலம் என்று சொன்னால், தகடு மாற்ற வேண்டுமா, சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் போதுமா என்று சொல்கிறேன்.